தெரிந்த பையன்

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளமெண்டி வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நீங்கள், அண்ணி, உங்கள் மகள் யாமினி, அவளைப் பெண் பார்க்க வந்த இன்ஜினியர், அவருடைய அப்பா, அம்மா. ஏணியின் மேல் என் மகன் பிரபாகர். நான் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று எனக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை.

"ஏர்கான் ஓடல. சிங்கப்பூர்ல எந்தக் கம்பெனியில கேட்டாலும் ஆள் இல்லங்கிறான். தம்பிய கொஞ்சம் அனுப்பும்மா" என்றுதான் போனில் சொன்னீர்கள். அனுப்பினேன். அவன் அந்த வேலையைப் படிக்கச் சேர்ந்த அன்று, "ஸ்பேனர் புடிக்கிறவனுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கிறது?" என்று கேட்டதும் நீங்கள்தான்.

மாப்பிள்ளையின் அப்பா, "நம்பர் குடுங்க தம்பி, எங்க வீட்டுக்கும் ஆளே கிடைக்கல லா" என்றாராம். இது யார் என்று உங்களைக் கேட்டாராம். "தெரிஞ்ச பையன்" என்றீர்களாம்.

யாமினி பட்டுப்புடவையோடு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள் என்றான் பிரபாகர். அன்று அவன் சாப்பிடவில்லை.

அம்மன் கோயிலில் விளக்கேற்றி, கோபம் தணிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன். தணியவில்லை.

பெண்ணை வெளியில் கொடுத்தால், முறைப்பையனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சம்மதம் கேட்பது நம் வீட்டு வழக்கம். நிச்சயத்தன்று சபையில், இவன் என் தங்கை மகன் என்று சொல்லி அவன் கையில் வெற்றிலை கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் நாங்கள் வரவில்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் உடன்பிறந்தவள்