வடக்குச் சுவரின் ஈரம்

கல்கரி,
மார்கழி 12

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மாமியின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். குளிர்தான், வேறு குறையில்லை.

பொறியியலாளர் உரிமம் கிடைத்துவிட்டது. கடைசி நேர்முகத்தில் ஒரு பகிடி நடந்தது. நானே பொறுப்பெடுத்துக் கட்டிய ஒன்றைச் சொல்லும்படி கேட்டார்கள். இங்கே வேலை செய்த பாலமொன்றும் வாயில் வரவில்லை. ஊரில், மடத்துவெளியில், கிணறு உவர் என்று எங்கள் வீட்டு வளவில் கட்டிய மழைநீர்த் தொட்டியைச் சொன்னேன். இப்போதும் ஒழுக்கில்லாமல் இருக்கிறதா என்றார்கள். ஓம் என்றேன். எல்லோருக்கும் திருப்தி.

நேர்முகம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் யோசித்தேன். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்து வைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் படித்தேன். அந்தத் தொட்டியைப் பார்த்து ஆறு வருடமாகிறது.

உரிமம் கிடைத்ததும் வருவேன் என்று உங்களிடம் சொன்னேன். இப்போது கம்பனியில் வரைபடங்களுக்குக் கையெழுத்து வைக்க நான்தான் வேண்டுமாம், லீவு தருகிறார்களில்லை. சித்திரையில் திரும்பவும் கேட்பேன்.

தொலைபேசியில் கேட்டால், "எல்லாம் சரி, நீர் யோசியாதையும்" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இந்த மாரிக்குத் தொட்டி நிறைந்ததும் அதன் வெயில் படாத வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கசிகிறதா என்று எழுதுங்கள். படம் வேண்டாம், அதில் ஈரம் தெரியாது. உங்கள் கை தொட்டதென்றால் நம்புவேன்.

இதையும் பஸ்ஸுக்கு நின்றபடிதான் எழுதுகிறேன். பஸ் வருகிறது.

உங்கள் தவமலர்