மஞ்சளுக்கும் பாரம் இருக்கோ?

மாமா,

இன்று பின்னேரம் பக்கத்துக் கடையில் ஜெனரேற்றரை இயக்கினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை வேலியைத் தாண்டி வந்ததும் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த மணம் வந்தால் தர்மபுரம் சந்தியில் ஜெனரேற்றரில் ஓடிய உங்கள் தட்டச்சுக் கடை திறந்துவிட்டது என்றுதான் என் மூக்கு இன்னமும் நம்புகிறது. நெஞ்சு நோவென்று படுத்த நீங்கள் எழும்பாமலே போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அழுவதற்காக இதை எழுதவில்லை. அழுதால், "மருமோள், கீபோட்டிலை தண்ணி ஊத்தாதை" என்பீர்கள்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து அந்தப் பழைய கணினியை மடியில் வைத்தே கொண்டுவந்தீர்கள். வந்த கையோடு அதைத் தேர் மாதிரிச் சோடித்தீர்கள். திரை முழுக்க நீந்தும் மீன்கள். அம்புக்குறிக்குப் பதிலாகச் சிறகடிக்கும் வண்ணத்துப்பூச்சி. எதைத் திறந்தாலும் மணியோசை. அது கண் விழிப்பதற்குள் நான் ஒரு சிறுகதையை வாசித்து முடித்துவிடுவேன். இந்தச் சோடனை எல்லாம் கணினியின் நினைவகத்தைத் தின்கிறது என்று நூலகப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "மீன் எவ்வளவு தின்னும்? கொஞ்சம்தானே," என்றீர்கள். கடைக்கு வந்து காத்திருப்பவர்கள் பார்க்க ஏதாவது வேண்டும் என்பது உங்கள் கட்சி.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. உடையார்கட்டிலிருந்து ஓர் அம்மா, மகளின் கலியாண அழைப்புக் காட்டை எழுதுவிக்க வந்திருந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. எழுதியதைப் பிளொப்பியில் போட்டு, பின்னேர பஸ்ஸில் வவுனியா அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த பஸ்ஸை விட்டால் கலியாணம் முடிந்த பிறகுதான் காட் வரும். மாப்பிள்ளையின் பெயரில் பாதி எழுதும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. மீன்களும் வாயைத் திறந்தபடி நின்றன.

"மாமா, மீனை எடுக்கட்டோ?"

"அந்தப் பெரிய மீன் மட்டும் இருக்கட்டும் பிள்ளை."

"ஒண்டும் இருக்கேலாது."

"சரி, எடு. நான் அங்காலை பாக்கிறன்."

உண்மையாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, மீன், வண்ணத்துப்பூச்சி, மணியோசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கறுப்பில் ஒன்றுமே இல்லை, அதனால் அதுதான் ஆகப் பாரம் குறைந்தது என்று நினைத்துப் பின்னணியைக் கறுப்பாக்கினேன். கணினி கன்றுக்குட்டி போலத் துள்ளி ஓடத் தொடங்கியது. பெருமையோடு திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா கதிரையை விட்டு எழும்பி நிற்கிறார்.

"என்ன பிள்ளை இது? கலியாண எழுத்தைக் கறுப்பிலை வைச்சே எழுதிறது?"

"காட்டிலை கறுப்பு வராது அம்மா. இது வெறும் திரைதான்."

"முதல் எழுத்து விழுற இடம் அதுதானே? நாளைக்குத் தாலிக்குப் பொன்னுருக்கு. எனக்கு மனம் கேக்குதில்லை. விடுங்கோ அண்ணை, நான் கிளிநொச்சியிலை வேறை இடம் பாக்கிறன்."

"அதுக்குள்ளை பஸ் போயிடும் தங்கச்சி."

"போனால் போகட்டும்!"

நினைவகம், வேகம் என்று நான் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். நீங்கள் கையைக் காட்டி என்னை நிறுத்தினீர்கள்.

"மருமோள், மஞ்சளுக்கும் பாரம் இருக்கோ?"

அப்போதுதான் உறைத்தது. படத்துக்குத்தான் பாரம். வெறும் நிறம் என்றால் கறுப்போ மஞ்சளோ கணினிக்கு ஒன்றுதான். புத்தகம் முழுவதையும் வாசித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"இல்லை மாமா."

"பிறகென்ன? மஞ்சளைப் பூசு. மேல்கரைக்குக் குங்குமத்தை வை."

பின்னணி அரைத்த மஞ்சள். திரையில் திறக்கும் பெட்டிகளின் மேல்கரை குங்குமச் சிவப்பு. நிழலில்லை, பூவில்லை, அசைவில்லை. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. அந்த அம்மா கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். "இப்பதான் கலியாண வீட்டுக் களை வந்திருக்கு," என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். எழுதி முடித்ததும் பிளொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் பின்னால் நீங்கள் ஓடியதைச் சந்தியே பார்த்துச் சிரித்தது. பஸ்ஸைப் பிடித்து, பிளொப்பியைக் கொடுத்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "மீனெல்லாம் செத்துப்போச்சோ?"

அதன் பிறகு நாங்கள் விதவிதமாகத் தோற்றங்கள் செய்தோம். கமக்காரர் சங்கக் கடிதத்துக்கு நாற்றுப் பச்சை. துயரச் செய்திக்கு வெள்ளை. முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்திருந்த முஸ்லிம் புடைவை வியாபாரி, தன் கடைப் பலகையின் நீலமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "உங்கடை மருமோள் பெரிய பெயின்ரர்," என்று அவர் சொன்னதை ஒரு கிழமையாக எல்லாருக்கும் சொல்லித் திரிந்தீர்கள். ஆர் வந்தாலும் கணினியைத் தொடமுன் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "என்ன எழுதப் போறியள்?"

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய கணினிகளுக்குத் தோற்றம் அமைக்கும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். போன கிழமை எல்லாவற்றையும் கழற்றி, பளிச்சென்று வெள்ளையாக்கி வைத்தேன். நல்ல வேகம். புவியியல் ரீச்சர் வந்து ஒரு கணினியின் முன் இருந்தார். கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். "வெள்ளை கூசுதோ ரீச்சர்?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, கண் ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பிடித்தான்," என்றார். மங்கிய பச்சையாக மாற்றினேன். கை தானாகக் கீழே இறங்கியது.

கணினிக்கு எது பாரம் என்று புத்தகத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்துவிடுவேன், மாமா. கதிரையில் இருப்பவருக்கு எது பாரம் என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது நிறத்தைத் தொடுகிறேன்.

உங்கள் மருமோள்