எரியாத சொட்டு மருந்து

பிப்ரவரி 3
இருபத்தேழாவது கலவையும் எரிகிறது. என் கண்ணிலேயே விட்டுப் பார்த்தேன். வறண்ட கண்ணின் அழற்சியைத் தணிக்கும் மருந்து நல்லதுதான். அதைக் கலந்து வைக்கும் திரவம்தான் சண்டித்தனம் செய்கிறது. அந்தத் திரவம் என் பொறுப்பு. அக்காவுக்கும் வறண்ட கண். தையல் மிஷினில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொள்கிறாள். “மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குடி.”

மார்ச் 19
எரியவில்லை! கண்ணில் விட்டதே தெரியவில்லை.

மே 6
மருத்துவமனையில் சோதனை தொடங்கியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து கலக்காத வெறும் திரவம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மருந்து செய்யும் எங்களின் சொந்தக்காரர்கள் சேரக்கூடாது. அக்காவைச் சேர்த்துவிட்டேன். “என்னைத் தெரியும்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே” என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூன் 11
அக்காவுக்கு எரிச்சல் நின்றுவிட்டது. ஒரே மூச்சில் மூன்று சட்டை தைத்தாளாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் 2
அக்கா இரண்டு தடவையாகப் பரிசோதனைக்கே போகவில்லை. “கண்ணுதான் நல்லாயிருக்கே, அங்க போய் எதுக்குக் காத்துக் கிடக்கணும்?” டாக்டரிடம் பேசலாம் — நான் யார் என்று சொல்லிப் பேசுவது?

செப்டம்பர் 23
முடிவு வந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவு நிம்மதி. மருந்து தோற்றது. “உங்க திரவமே அவ்வளவு சுகமா இருக்கு” என்றார் மேலாளர். பாராட்டா, குத்தலா? திட்டத்தை மூடுகிறார்கள்.

செப்டம்பர் 25
யாருக்கு எது என்ற பட்டியலைப் பார்த்தேன். அக்காவுக்கு வெறும் திரவம்.

செப்டம்பர் 30
அக்காவை வேறு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். இடது கண்ணில் தழும்பு. அது இனி போகாதாம். “இவ்வளவு புண்ணு இருந்தும் எரிச்சலே இல்லையா?” என்று கேட்டார்.
ஐயோ, எரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பாளே. அப்பவே போயிருப்பாளே. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

அக்டோபர் 4
அந்த டாக்டர் தந்த புது மருந்தை அக்கா தொடவே இல்லை. “அது எரியுது. நீ செஞ்சது மிச்சம் இருக்கும்போது இது எதுக்குடி?”
சொல்லிவிட்டேன், அவள் புட்டியில் மருந்தே இல்லை என்று. கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.
“அப்ப எரிச்சல் நின்னுச்சே, அது?”
“அது நான் செஞ்சதுதான்க்கா. எரிச்சலை மட்டும்தான் நிறுத்துச்சு, புண்ணை இல்ல.”
தலையை நிமிர்த்திக் கண்ணைக் காட்டினாள். புது மருந்தை விட்டேன். எரிச்சலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கண்ணுக்கும் விட்டேன்.