மடித்து வாங்கிய சேலை

வித்துரா,
18 டிசம்பர் 2024

அன்பும் மதிப்பும் உள்ள கோமதி அக்காவுக்கு அஜிதா எழுதுவது.

நானும் குழந்தையும் அம்மா வீட்டில் நல்ல சுகம். அண்ணாச்சிக்கும் கடையில் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளை நல்ல சிவப்பு என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. சாயம் ரெண்டு மாதத்தில் வெளுத்துவிடும் என்று என் வீட்டுக்காரர் விஜின் கேலி செய்கிறார்.

எங்கள் சபையில் வளைகாப்பு வழக்கமில்லை. சாலைக் கடைவீதியில், நம் துணிக்கடை மாடியில், ஐந்து வகைச் சோறு வைத்து என் இரண்டு கையிலும் நீங்கள் வளையல் அடுக்கியதை அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லித் தீரவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் என்னை அப்படி உட்கார வைத்துப் பார்க்கவில்லை அக்கா.

இனி எழுதப்போவதற்குத்தான் இத்தனை நாள் தயங்கினேன். இங்கே போனில் சரியாகப் பேச்சு கேட்காது. கேட்டாலும் இதைக் கேட்க எனக்கு நாக்கு எழும்பாது. அங்கன்வாடியில் குழந்தையின் பெயரைப் பதியப் போனபோது சுசீலாபாய் டீச்சர், "பத்து ஆளுக்கு மேல வேலை பாக்கற கடையில்லியா? உனக்கு ஆறு மாசம் சம்பளத்தோட லீவு உண்டு மோளே. கடையில கேக்கணும், கேட்டியா" என்றார். விஜினுக்கு மழை விட்டால்தான் பெயின்ட் வேலை. ஆறு மாதம் கழித்து வந்தால் என் இடம் இருக்குமா, அந்தச் சம்பளம் எனக்கு உண்டா என்று அண்ணாச்சியிடம் கேட்டுச் சொல்வீர்களா? கேட்டது தப்பென்றால் இந்தப் பத்தியைப் படிக்காததுபோல விட்டுவிடுங்கள்.

உங்கள் அஜிதா

*

ஆரியசாலை,
27 டிசம்பர் 2024

அன்பு மகள் அஜிதாவுக்கு கோமதியின் ஆசிகள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் என் அம்மாவுக்குக் கடிதம் எழுதியது. பிறகு உனக்குத்தான் எழுதுகிறேன். பேனா தேடவே அரை நாள் போயிற்று. குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடு.

நீ கேட்டதைச் சொன்னேன். அண்ணாச்சிக்கு மனசு விட்டுப்போயிற்று. "பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தோம். அது அங்கன்வாடியில போய்ச் சட்டம் படிச்சிட்டு வருதா?" என்றார். எனக்கும் வருத்தம்தான். நமக்குள் பேசவேண்டியதை ஏன் வெளியே கொண்டுபோனாய்? சம்பளத்தோடு லீவெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு. என் மகள் மீரா பெங்களூரில் இப்போது அப்படித்தான் ஆறு மாதம் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்ததற்கு உங்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தேனே, அவளேதான். நம்முடையது கடை. குடும்பம் மாதிரி.

உன் இடத்தில் இப்போது ஷாலு நிற்கிறாள். வளைகாப்பன்று நீ அவிழ்த்துத் தந்த சீருடைச் சேலையைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். பிள்ளை வளரட்டும், இடம் இருந்தால் பார்க்கலாம். பனியில் நிற்காதே.

கோமதி

*

வித்துரா,
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கொலுசு கிடைத்தது. பிள்ளைக்குப் பொருத்தமாக இருக்கிறது.

கேட்டதற்கு வெட்கப்படுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேட்டி" என்று அம்மாவும் திட்டினாள். அண்ணாச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொங்கல் கழிந்ததும் உங்கள் ஆரியசாலையிலேயே ஒரு மிளகாய் மண்டியில் சேருகிறேன். வற்றலுக்குக் காம்பு கிள்ளும் வேலை. விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. கையைப் புளி போட்டுக் கழுவினாலும் எரிச்சல் போகாது, அந்தக் கையோடு பிள்ளையைத் தொடாதே என்கிறார்கள். அதனால் இப்போதே புட்டிப்பாலுக்குப் பழக்குகிறோம். துப்புகிறாள். அம்மா விடாமல் புகட்டுகிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கட்டுமா? கோபப்படக் கூடாது. வளைகாப்பு முடிந்த அன்று மீரா அக்காவின் கம்பெனி அட்டையை யாராவது கழுத்திலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார்களா? என் சேலையை நீங்கள் மடித்து வாங்கியபோது, துவைத்து வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

அஜிதா

*

ஆரியசாலை,
2 பிப்ரவரி 2025

அஜிதா,

ஆசி சொல்லித் தொடங்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இவளுக்கு எவ்வளவு திமிர் பார் என்று மீராவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவள், "அம்மா, எனக்கும் அவளுக்கும் ஒரே சட்டம்தான். நீங்க குடுக்கலையா?" என்றாள்.

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிட வந்தபோது கேட்டேன். இலையிலிருந்து தலை நிமிராமல், "தெரியும்" என்றார். தெரிந்துமா என்றேன். "நீ போடுத வளையல்லயே பிள்ளையளுக்கு மனசு குளுந்து போயிருது. ஒருத்தியாவது வாயத் தொறந்து கேட்டாளா? நல்லதுதானே" என்றார். ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

சீருடையை வாங்கி வரச் சொன்னவர் அவர்தான். புதுச் சேலை கொடுக்கிறோமே, பழசு இவளுக்கு எதற்கு என்று நானும் வாங்கினேன். உனக்கு முன்னால் கடையில் நின்ற ஸ்மிதாவிடம் வாங்கினேன், ஷெமியிடம் வாங்கினேன், உன்னிடமும் வாங்கினேன். நெற்றியில் குங்குமம் வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, சிரித்துக்கொண்டே உங்கள் வேலையைப் பிடுங்கியிருக்கிறேன். ஊரெல்லாம் என்னைப் புண்ணியவதி என்று சொல்ல, அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஷாலு உன் சேலையில் நிற்கிறாள். முந்தானையில் நீ தைத்த கிழிசல் அப்படியே இருக்கிறது. என் காதருகே வந்து, "அக்கா, எனக்கு இது மூணாம் மாசம். எனக்கும் அஞ்சு வகைச் சோறு உண்டல்லோ?" என்று சிரித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

அவரோடு நான் பேச்சை நிறுத்தினேன். மீராவும் அப்பாவோடு சண்டை போட்டாள். கடைசியில் இறங்கி வந்தார். ஆறு மாதச் சம்பளம் உன் கணக்குக்கு வரும். இடமும் உன்னுடையதுதான். மண்டிக்குப் போகாதே மகளே. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. பழையபடி 'அக்கா' என்று ஒரு வரி எழுது, போதும்.

கோமதி

*

வித்துரா,
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய கோமதியம்மாள் அவர்களுக்கு,

சம்பளம் வந்து சேர்ந்தது. மண்டி வேலையை விட்டுவிட்டேன். கை எரிச்சல் ஆறிவிட்டது. பிள்ளைதான் இப்போது என்னிடம் பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டியைத் தேடுகிறாள். யாரைக் குறை சொல்வது? அந்தப் புட்டியை வாங்கி வந்தவள் நான்தான்.

நீங்கள் சண்டை போட்டு வாங்கித் தந்தது எனக்குத் தெரியும். மறக்க மாட்டேன். அக்கா என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. கொலுசை இத்துடன் அனுப்புகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சம்பளம் எனக்கு உரியது, எடுத்துக்கொண்டேன்.

ஸ்மிதாவுக்கும் ஷெமிக்கும் விவரம் சொல்லியிருக்கிறேன். அவர்களும் உங்களுக்கு எழுதுவார்கள். பதில் போடுங்கள்.

லீவு முடிந்ததும் மே மாதம் வேலைக்கு வருகிறேன். எனக்கு வேறு சீருடை தந்தால் போதும். ஷாலுவின் வளைகாப்புக்கு நானும் கூட இருந்து பரிமாறுகிறேன். வளையல் போடுங்கள், ஐந்து வகைச் சோறும் போடுங்கள். அவள் உடுத்தியிருக்கும் சேலையை மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
வி. அஜிதா
சேலைப் பிரிவு