கண்ணாடி அலமாரிக்குள் ரௌட்டர்

மேலப்பாளையத்தில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சென்னையிலிருந்து இத்ரீஸின் ஸலாம். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் கம்ப்யூட்டர் இஞ்சினியர் என்று தெருவெல்லாம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், உம்மா. நெட்வொர்க் பரீட்சையே இன்னும் எழுதவில்லை. ஓர் ஊர் ஆபீஸ் கம்ப்யூட்டரை வேறு ஊர் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ரௌட்டர் பெட்டியை, இன்ஸ்டிட்யூட்டில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கக் கேட்டால், "வெல தெரியுமா? பரீட்சைக்குப் படம் போதும்பா" என்கிறார் வாத்தியார்.

"படத்துல கேபிளச் சொருவ முடியுமா சார்?" என்று கேட்டே விட்டேன்.

வெறுத்துப்போய், ஆபீஸ்களுக்குக் கேபிள் இழுக்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கே ஏணி கொஞ்சம் வழுக்கிவிட்டது. இடது கைதான். மாவுக்கட்டு போட்டாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. மறுநாள் அந்தக் கட்டோடே உட்கார்ந்து அந்த ஆபீஸ் ரௌட்டரை நானே இயக்கினேன். பச்சை விளக்கு எரிந்ததும் "உம்மா!" என்று கத்திவிட்டேன்; ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் பரீட்சை. ஒற்றைக் கையால் சாரம் கட்ட வரவில்லை. ஒரு கைலிக்கு இடுப்பில் நாடா வைத்துத் தைத்து அனுப்புங்கள். பொத்தான் இல்லாத சட்டையும் ஒன்று வேண்டும். பொத்தான் போட்டுவிடச் சொல்லி இங்கே யாரிடம் போய் நிற்பது?

தபால்காரர் வந்து தபால் பெட்டியைத் திறந்துவிட்டார், இத்தோடு முடிக்கிறேன். துஆ செய்யுங்கள்.

இத்ரீஸ்