கல்லும் கடைசி ரோலும்

செப். 8, திங்கள்

காலையில் தூறல், மத்தியானம் சுள்ளென்று வெயில். வரும் வழியில் ஐஸ் வாங்க மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள்: "தெல்தெனியப் பக்கம் டேம்ல தண்ணி வத்திருச்சாம். மூழ்கிப்போன பழைய ஊரு மறுபடி தெரியுதாம். ஞாயித்துக்கெழம புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போறோம்."

போங்க, போய்ப் பாருங்க. போன வருடம் இதே மாதிரி வற்றியபோதுதான் என் புருஷன் படம் எடுக்கப் போனார். மறுநாள் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள்.

கரையில் கிடந்த கேமராவைப் பொலிஸ் திருப்பித் தந்தது. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல். எடுப்பது அவர், கழுவுவது நான். கல்யாணம் முடித்ததிலிருந்தே அப்படித்தான். இதை மட்டும் தொடவில்லை. ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஞாயிறு கம்பளையில் திவசம். மாமி போனில்: "படம் கிடம் மாட்டச் சொல்லாத. பையில கல்லப் போட்டுக்கிட்டு எறங்குனவனுக்கு மால ஒரு கேடா?"

காற்சட்டைப் பையில் ஒரே ஒரு கல். அதை வைத்து ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது, அவராகவே இறங்கினார் என்று. உள்ளங்கைக்குள் அடங்குகிற கல். அதைக் கட்டிவிட்டால் கோழிக்குஞ்சுகூட முழுகாது. பெற்ற தாயே நம்புகிறாள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

செப். 9, செவ்வாய்

வாங்க: ஐஸ், சவர்க்காரம், கிளிப், கருவாடு.

அலுமாரியில் ஆல்பம் அகப்பட்டது. நான், அவர், நாத்தனார். அவர் நடுவில், கையில் ஒரு கல். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடு ஆளுக்கு ஆகாதாம். கல்லையும் ஓர் ஆளாக வைத்து நாலாக்கிவிடுவார். பாம்புக்குப் பயப்படாத மனிதர், இதற்கு மட்டும் நடுங்குவார். எவ்வளவு சிரித்திருக்கிறேன்.

இன்று சிரிப்பு வரவில்லை. அங்கேயும் மூன்று பேராக நின்றிருந்தால்? அப்படியானால் அந்தக் கல் சாவதற்கு இல்லை, படத்துக்கு.

ஆனால் கூடப் போனது திரீவீல் ஓட்டுகிற தினேஷ் மட்டும். திரீவீலைத் திருப்பப் போனேன், வந்து பார்த்தால் அண்ணனைக் காணவில்லை என்கிறான். கேட்கும்போதெல்லாம் ஒரே பாட்டு: "நாங்க ரெண்டு பேருதான் அண்ணி." யாரையோ மறைக்கிறான். ரோலில் மூன்றாவது முகம் இருந்தே தீரும்.

செப். 11, வியாழன்

இரண்டு நாளாக இதே யோசனை. எந்த மருந்தில் கழுவுவது?

தூள் டெவலப்பர்: பழகியது. ஆனால் ரோல் ஒரு வருடமாகக் கிடந்தது, பொலிஸில் சூட்டிலும் வெந்தது. படம் மெலிந்திருக்கும்.

போத்தல் டெவலப்பர்: நிறையத் தண்ணீர் விட்டு, அசைக்காமல் ஒரு மணி நேரம். நிழலில் இருப்பதை மெல்ல மெல்ல வெளியே இழுக்கும்.

தவறவிட்டால் இன்னொரு தடவை கிடையாது. ஆகவே இருட்டுப் பைக்குள் கையை விட்டு முதல் துண்டை மட்டும் வெட்டித் தூளில் போட்டுப் பார்த்தேன். வழக்கமான நேரம்.

மெலிவு, ஒரே சாம்பல். மூன்று படம் தேறியது. இடிந்த வீட்டுப் படி. ஒரு தூண். மூன்றாவது வெறும் சேறு, அதில் வெறுங்கால் தடம். எல்லாம் தண்ணீரிலிருந்து கரைக்கு வருகிற தடம். இறங்குகிற தடம் ஒன்றுகூட இல்லை.

யாராவது வேறு பக்கம் இறங்கிக் குளித்திருப்பார்கள். வேறென்ன.

மிச்சம் போத்தலில்தான்.

செப். 13, சனி

லீவு. மத்தியானம் பாத்ரூம் கதவிடுக்கில் துணி செருகினேன். தண்ணீரைக் குளிர்விக்க ஐஸ் தயார். தேவைப்படவில்லை.

எங்கள் குண்டசாலைக் குழாய்த் தண்ணீர் இருபத்தைந்து டிகிரிக்குக் குறைந்து நான் கண்டதில்லை. இன்று பத்தொன்பது. கூரைத் தண்ணீர்த் தாங்கி வெயிலில் காய்கிறது, குழாயில் இது. லேசாகச் சேற்று வாடை. தெர்மோமீட்டரை உதறி மறுபடி வைத்தேன். பத்தொன்பதுதான்.

குளிருக்குக் கொஞ்சம் நேரம் கூட்டிக்கொண்டேன். அசைக்காமல் வைத்த ஃபிலிம் டப்பா, நடுவில் ஒரு தடவை உள்ளே 'டக்' என்றது. நான் தொடவேயில்லை. முருகா.

கடைசிப் படம். டைமர் வைத்து எடுத்திருக்கிறார். தினேஷ் இடது பக்கம். அவர் நெஞ்சுக்கு நேரே கல்லைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். சாகப்போகிறவன் சிரிப்பா அது? ஈர நெகட்டிவைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். கல் படத்துக்கு!

மாமிக்குப் போன் எடுத்தேன். கல் எதற்கென்று சொன்னேன். பிறகு, "எம் புள்ளைய கொண்டாம்மா. மால நானே கட்டுறேன்."

கண்டி ஸ்டூடியோவில் பெரிதாகப் போடக் கொடுத்துவிட்டு வந்து, சோற்றுப் பானை கழுவும்போதுதான் உறைத்தது. படத்தில் இரண்டே பேர்.

செப். 14, ஞாயிறு

கம்பளை. நல்ல வெயில். ஐயர் தாமதம்.

படம் தெளிவாக வந்திருக்கிறது. தினேஷ், அவர், அவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். மாமி தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் சும்மாதான கெடக்கு, வெட்டிப்புட்டா என்ன?"

"வேணாம் மாமி." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பந்தியில் தினேஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சண்டை போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன். "ரெண்டு பேரு நிக்கிற படத்துக்குக் கல்லு எதுக்கு தம்பி?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"நானும் அதத்தான் கேட்டேன் அண்ணி."

"என்ன சொன்னாரு?"

"'நல்லா எண்ணிப் பாருடா'ன்னாரு."