பம்பு திருச்சியில் இருக்கிறது

வலங்கைமான்
11.4.1971

அன்புள்ள அகிலா,

வெயிலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

அப்பா வாங்கிய டிராக்டரை முழுவதும் பிரித்துப் பூட்டிவிட்டேன். பத்தொன்பது வருடத்து எஞ்சின். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டாயிற்று. கும்பகோணத்து லேத்தில் ரெத்தினம் முகம் சுளித்தான். "இந்தக் கிழத்துக்கு எதுக்குண்ணே புதுப் பல்லு?" என்றான். ஓட்டிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் இழுவை இன்னும் போதவில்லை. எஞ்சினுக்குப் பம்பு தருகிற டீசல் பழைய அளவிலேயே இருக்கிறது. அளவைக் கூட்டும் திருகுக்குக் கம்பெனிக்காரன் ஈயம் வைத்து முத்திரை போட்டிருக்கிறான். அதை உடைத்துக் கூட்ட வேண்டும். கண் மதிப்பில் செய்கிற வேலை இல்லை, மிஷினில் வைத்து அளக்க வேண்டும்.

அங்கே பாலக்கரையில் காதர் மைதீன் பட்டறையில் அந்த மிஷின் இருக்கிறதாம். பம்பை பஸ் கண்டக்டர் பஞ்சநதத்திடம் கொடுத்தனுப்புகிறேன். நீ பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள். நான் கேட்பது உனக்குப் புரியும். அவரிடம் எடுத்துச் சொல்.

வைத்தியலிங்கம்


திருச்சி
18.4.1971

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். விடைத்தாள் திருத்துவது இன்னும் முடியவில்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறதென்று நீங்கள் எழுதவில்லை.

பம்பு வந்தது. சாக்கில் சுற்றி ஹாஸ்டல் வாசலில் வைத்துவிட்டுப் பஞ்சநதம் போய்விட்டான். வார்டன் அம்மா பலாப்பழம் என்று நினைத்து, "எனக்கும் நாலு சுளை வையுங்க டீச்சர்" என்றார்.

காதர் மைதீன் பாய் முதலில் என்னோடு பேசவே இல்லை. பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பம்புக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பற்றி நான் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எவ்வளவு கூட்டணும்?" பம்போடு நீங்கள் வைத்திருந்த சீட்டைப் பார்த்து அளவைச் சொன்னேன். "உழுவப் போறீங்களா, இல்ல திருவாரூர் தேரை இழுக்கப் போறீங்களாம்மா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

டீசலைக் கூட்டினால் சூடும் கூடும். அந்தப் பழைய ரேடியேட்டர் தாங்குமா? கரும்புகை வந்தால் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பாருங்கள்.

மே மாதம் கல்லூரி விடுமுறை. வரட்டுமா என்று நான் கேட்பதற்கு முன்னால், வா என்று நீங்கள் எழுதியிருக்கலாம்.

உங்கள் அகிலா


வலங்கைமான்
24.4.1971

அன்புள்ள அகிலா,

இடுப்பு வலி பரவாயில்லை. ரேடியேட்டர் தாங்கும், பெரிய விசிறி மாட்டிவிட்டேன்.

பின் சக்கரங்களுக்கு வார்ப்பிரும்பில் எடை வார்த்து வந்துவிட்டது. ஒன்றைத் தூக்க நாலு ஆள் வேண்டும். டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். இனிச் சக்கரம் வழுக்காது. நாகப்பட்டினத்தில் பழைய கப்பல் சங்கிலி ஒன்று கிடைத்தது. அதற்குப் பழைய கொக்கி போதாது என்று புதிதாக ஒன்று அடித்துப் பற்றவைத்தேன். முதல் கியரில் போட்டால் யானை தோற்றுவிடும்.

டிரைவர் வைரக்கண்ணுவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். இனி நானே ஓட்டிக்கொள்வேன். நம் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் தெற்குத் தெரு முழுக்க இப்போது செங்கொடி பறக்கிறது. கொடியைக் கட்டியவன் அவன்தான். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வரப் போகிறதாம். அவன் பெண்டாட்டி வேம்பு இப்போதே என்னைக் கண்டால் எழுந்திருப்பதில்லை.

ஒன்பதாம் தேதி திருவாரூரில் அவர்கள் மாநாடு. குழந்தை குட்டியோடு தெருவே போகிறது. அதற்குள் பம்பு என் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ மாநாடு கழித்து வா. அதுவரை இங்கே வெயில் கடுமை.

வைத்தியலிங்கம்


திருச்சி
30.4.1971

அன்புள்ள அத்தானுக்கு,

பம்பு தயார். என் மேசை மேல் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை முதலில் சந்தோஷமாகப் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதியதில்லை. எஞ்சினைப் பற்றித்தான் என்றாலும் எனக்குத்தானே எழுதினீர்கள். அந்தச் சந்தோஷத்தில் சங்கிலியைக் கவனிக்கவில்லை. மறுநாள் பல் தேய்க்கும்போது நினைவு வந்தது.

சேற்றில் உழுகிற வண்டி லேசாக இருக்க வேண்டும். அதற்காகத்தானே புதையாமல் மிதக்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம், கேஜ்வீல், மாட்டுகிறோம். இவ்வளவு எடையும் தண்ணீரும் ஏற்றினால் முதல் சாலிலேயே அச்சுவரை இறங்கிவிடும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. கோடை உழவுக்கு என்றாலும் கலப்பையை யாரும் கப்பல் சங்கிலியில் கட்டுவதில்லை. டிரைவரை வேறு இறக்கிவிட்டிருக்கிறீர்கள். தெருவில் ஆளில்லாத நாளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்.

குடிசையைப் பிரிக்க நாலு ஆள் போதும். தெற்குத் தெருவில் நிற்கிற தென்னையையும் பூவரசையும் பிடுங்கத்தான் இந்த இழுவை. அந்த மரங்கள் இருக்கும்வரை எந்த அதிகாரியும் அதை வயல் என்று எழுத மாட்டார். வேரோடு போய்விட்டால் உழுது வயலாக்கிவிடலாம், வரப்போகிற மனைச் சட்டம் அங்கே செல்லாது. சரிதானா?

நீங்கள் எதையும் மறைக்கவில்லை. எஞ்சின் விஷயத்தில் உங்களுக்கு மறைக்க வராது. இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் அகிலா


வலங்கைமான்
4.5.1971

அகிலா,

சரிதான். அதற்கென்ன? தாத்தா வாங்கிய நிலம். வேலைக்கு வா என்றால் கூலி போதாது என்று கோஷம். குடியிருக்க மட்டும் என் மனை வேண்டும். நான் யாரையும் அடித்தேனா, கொளுத்தினேனா? ஆளில்லாத நேரத்தில் மரத்தைப் பிடுங்குகிறேன். ஒருவன் மேலும் கீறல் படாது. மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது புரியாது.

இந்தப் பழைய வண்டிக்கு வேறு பம்பு எங்கும் கிடையாது. வாடகை டிராக்டர்காரன் ஒருவனும் அந்தத் தெருப் பக்கம் வரத் துணியவில்லை. வெள்ளிக்கிழமை பஞ்சநதம் வருவான். பம்பைக் கொடுத்தனுப்பு.

கொடுக்க மனமில்லை என்றால் நீயும் வர வேண்டாம்.

வைத்தியலிங்கம்


திருச்சி
10.7.1971

அன்புள்ள அத்தானுக்கு,

மனைச் சட்டம் வந்துவிட்டதைப் பேப்பரில் பார்த்தேன். பஞ்சநதத்தை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டேன். "ஆத்துல தண்ணி வந்துடுச்சு, ஐயா இன்னும் உழலீங்க. வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றாரு" என்றான். தெற்குத் தெரு? "வைரக்கண்ணு சம்சாரம் கூரைக்குப் புதுக் கீத்து போடுதுங்க. மரத்துல ஏறி தேங்காயும் பறிச்சாச்சு."

அந்த வெள்ளிக்கிழமை அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியபோது வீரமாக எதுவும் தோன்றவில்லை. அறை முழுக்க டீசல் நாற்றம். பம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு அதே மேசையில் சாப்பிட்டேன். அதன்பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வண்டி ஓடவில்லை, எதைப் பற்றி எழுதுவீர்கள்?

நேற்று அதைத் திரும்பப் பாலக்கரைக்கு எடுத்துப் போனேன். "ஏத்தினதை இறக்கவா? என்னம்மா விளையாட்டு இது?" என்றார் பாய். வயல் உழுதால் போதும் என்றேன். பழைய அளவிலேயே வைத்து ஈயமும் போட்டுக் கொடுத்துவிட்டார். நாற்றங்காலுக்கு இது தாராளம். எடையையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு கேஜ்வீல் மாட்டுங்கள்.

கல்லூரியில் எனக்குச் சமையலறையோடு வீடு தருவதாக மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம், ஊரில் வீடு இருக்கிறது என்பேன். இந்த வாரம் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பஞ்சநதத்திடம் பம்பு மட்டும் வருகிறது. பூட்டியதும் டீசல் குழாயில் இருக்கிற காற்றை முழுக்க வெளியேற்றிவிடுங்கள். இல்லையென்றால் கிளம்பாது.

அகிலாண்டம்